கூடுதல் ஆள் ஏறிய சரக்கு வண்டி: ஓர் இன்சூரன்ஸ் வழக்கின் நிகழ்வு ஆய்வு

2010இல் ஹரியானாவைச் சேர்ந்த ஒருவரின் சரக்கு வண்டி உத்தரப்பிரதேசத்தில் விபத்துக்குள்ளானது. தப்பு இன்னொரு வண்டியின் மேல். போலீஸ் பதிந்த எஃப்.ஐ.ஆரிலும் அந்த வண்டியின் டிரைவர் கண்மூடித்தனமாக ஓட்டியதுதான் காரணம் என்று எழுதியிருந்தது. விபத்து நடந்த நாளில் பாலிசி நடப்பில் இருந்தது. அடிபட்ட வண்டியைச் சரிசெய்து மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவர உரிமையாளருக்கு 1,64,033 ரூபாய் ஆனது. அந்தப் பணத்தைத்தான் அவர் தன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டார்.

கம்பெனி மறுத்துவிட்டது. விபத்தையோ சேதத்தையோ அது மறுக்கவில்லை. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் அந்தச் சரக்கு வண்டியில் இருந்தார்கள், அது பாலிசி நிபந்தனைக்கு விரோதம், எனவே ஒரு ரூபாயும் கிடையாது என்பதுதான் பதில்.

லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சந்தையில் இருந்து திரும்பும் வண்டியில் கூலியாட்கள் ஏறிக்கொள்வார்கள். வழியில் தெரிந்தவர் கை காட்டினால் டிரைவர் நிறுத்துவார். சரக்குக்குச் சொந்தக்காரர் கூடவே வருவார். வீட்டில் இருக்கும் உரிமையாளருக்கு இதில் பாதி தெரியாது. ஆனால் விபத்து நடந்த பிறகு வண்டிக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற ஒரே கேள்வி முன்னால் வந்து நின்றுகொண்டு, விபத்து எப்படி நடந்தது என்ற கேள்வியைப் பின்னால் தள்ளிவிடுகிறது. நாமக்கல் பக்கம் சிறிய லாரி உரிமையாளர்களுக்குக் கிளெய்ம் கடிதங்கள் எழுதிக்கொடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, இந்த வழக்கைத் தமிழில் விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்து மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் மறுப்புக் கடிதத்தைப் பார்த்ததும் விதியே என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். அப்படி மடித்து வைக்கத் தேவையில்லாத கடிதங்கள் நிறைய இருக்கின்றன.

உரிமையாளர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மாவட்ட மன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி மேல்முறையீடு செய்ததில் மாநில ஆணையம் அந்த உத்தரவை ரத்து செய்தது. டெல்லியில் தேசிய ஆணையமும் உரிமையாளரைக் கைவிட்டது. ஒன்றரை லட்சம் சொச்சம் ரூபாய்க்காக அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார் என்பதை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது. வக்கீல் செலவைக் கணக்குப் பார்த்து எத்தனையோ பேர் பாதி வழியில் நிறுத்தியிருப்பார்கள்.

2016 ஜனவரியில், நீதிபதி வி. கோபால கௌடா இடம்பெற்ற அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. செலவழித்த 1,64,033 ரூபாயை வட்டியோடு கொடுக்க வேண்டும், அலைக்கழித்ததற்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. விபத்து நடந்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நீதிமன்றம் கேட்டது எளிமையான கேள்வி. கூடுதலாக ஆட்கள் ஏறியிருந்தார்கள், சரி. அதனால்தான் விபத்து நடந்ததா? அப்படி நடந்தது என்று காட்டும் பொறுப்பு கம்பெனிக்கு உரியது. கம்பெனி அதற்கு எந்த ஆதாரத்தையும் வைக்கவில்லை. எஃப்.ஐ.ஆர். எதிர் வண்டியைத்தான் குற்றம் சொல்கிறது. உள்ளே இரண்டு பேர் இருந்திருந்தாலும் அந்த வண்டி வந்து மோதியிருக்கும். ஆக, விபத்துக்குக் காரணமாகும் அளவுக்கு அடிப்படையான மீறலைக் கம்பெனி நிரூபித்தால் ஒழிய, பாலிசிப் பொறுப்பில் இருந்து முழுசாகக் கழன்றுகொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

இந்த நிலைப்பாடு 2016இல் திடீரென்று முளைக்கவில்லை. இதன் வேர் 1987இல் வந்த ஸ்கேண்டியா இன்சூரன்ஸ் வழக்கு. அதுவும் ஒரு லாரிக் கதைதான். டிரைவர் இன்ஜினை அணைக்காமல் வண்டியைக் கிளீனர் பொறுப்பில் விட்டுவிட்டுத் தின்பதற்கு ஏதோ வாங்கப் போனார். லைசென்ஸ் இல்லாத கிளீனர் வண்டியை எடுத்தார். ஓர் உயிர் போனது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்றது கம்பெனி. நீதிபதி எம்.பி. தக்கர் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. உரிமையாளர் லைசென்ஸ் உள்ள டிரைவரைத்தான் வேலைக்கு வைத்திருந்தார். அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். அவருக்குத் தெரியாமல் நடுவழியில் நடந்ததை அவருடைய நிபந்தனை மீறலாகக் கொள்ள முடியாது. அதோடு, பாலிசியில் இருக்கும் விலக்கு வாசகத்தைப் பாலிசியின் நோக்கத்தையே தோற்கடிக்கும் விதமாகப் படிக்கக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

அது மூன்றாம் தரப்பினர், அதாவது விபத்தில் பாதிக்கப்பட்ட வெளியாட்கள், சம்பந்தப்பட்ட வழக்கு. சொந்த வண்டிச் சேதத்துக்கு, அதாவது நாம் ஓன் டேமேஜ் என்று சொல்வதற்கு, இந்த வாதம் செல்லுமா என்ற கேள்வி 1996இல் கர்நாடகத்தின் ஹாசனில் இருந்து வந்தது. அந்தச் சரக்கு வண்டியில் 6 வேலையாட்கள் வரை அனுமதி, ஏறியிருந்தது 9 பேர். வண்டி எதிரே வந்த வண்டியோடு மோதிச் சேதமானது. கம்பெனி அதே பாட்டைப் பாடியது. உச்ச நீதிமன்றம், உரிமையாளருக்குத் தெரியாமல் டிரைவரோ கிளீனரோ இரண்டு மூன்று பேரைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டதை, மொத்த இழப்பீட்டையும் மறுக்கும் அளவுக்குப் பெரிய மீறலாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது. ஏறியவர்களால் விபத்து நடக்கவில்லை என்பதே அங்கும் முடிவைத் தீர்மானித்தது. ஹரியானாக்காரருக்கு இருபது வருடம் கழித்துக் கைகொடுத்தது இந்தத் தீர்ப்புதான்.

இவ்வளவு தெளிவான தீர்ப்பு 1996இலேயே இருந்தும், 2010 விபத்தில் கம்பெனி அதே காரணத்தைச் சொல்லி மறுத்தது. மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் அதை ஒத்துக்கொண்டன. எனக்கு இதில்தான் கோபம். சட்டம் தெரிந்த அலுவலகம் அனுப்பும் கடிதத்தில், நமக்குச் சாதகமான தீர்ப்பு இருக்கிறது என்று ஒரு வரி கூட இருக்காது. அதை நாம்தான் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

இனி, இந்தத் தீர்ப்பு காப்பாற்றாத இடங்கள். அதைச் சொல்லாமல் விட்டால், படிப்பவர் கூடுதல் ஆள் ஏற்றினால் பரவாயில்லை என்று நினைத்துவிடுவார்.

முதல் விஷயம், ஏறி வந்தவர்களுக்கு அடிபட்டால் என்ன ஆகும் என்பது. வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடைத்தாலும், அந்த ஆட்களுக்கான நஷ்டஈடு வேறு கணக்கு. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்த பயணிக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2003இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு வந்தால் அது வேறு, 1994 திருத்தத்துக்குப் பிறகு அவர்களுக்குக் காப்பு உண்டு. மற்றவர்களுக்கு, சில வழக்குகளில் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் விட்டிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் கடைசிச் சுமை உரிமையாளர் தலையில். ஓர் உயிர் போனால் தீர்ப்பாயம் போடும் தொகை வண்டி விலையைத் தாண்டிவிடும். டிரைவரிடம் இதை ஒவ்வொரு டிரிப்புக்கும் முன்னால் சொல்லலாம், தப்பில்லை.

அடுத்தது ஆவணங்கள். பதிவு, பெர்மிட், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று மூன்றையும் கூடுதல் ஆள் விவகாரத்தோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு பிக்கப் வண்டி விபத்தில் சேதமானபோது, பதிவே இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டியது அடிப்படை மீறல், எனவே கிளெய்ம் இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.  பெர்மிட் இல்லாமல் ஓடிய லாரி பற்றி 2018இல் வந்த தீர்ப்பும் அதை அடிப்படை மீறலாகத்தான் பார்த்தது. எஃப்.சி. முடிந்து இரண்டு நாள்தானே என்று வண்டியை லோடுக்கு அனுப்புகிறவர்களிடம் நான் கெஞ்சிச் சொல்வது இதுதான்: அந்த இரண்டு நாள் வாடகைக்கு மொத்த வண்டியையும் பணயம் வைக்காதீர்கள்.

லைசென்ஸ் விஷயம் நடுவில் நிற்கிறது. மூன்றாம் தரப்புக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஓன் டேமேஜ் கேட்கும் உரிமையாளருக்கு அப்படியே பொருந்தாது என்று 2007இல் ஒரு தீர்ப்பு உண்டு. கம்பெனி வக்கீல்கள் அதை எப்போதும் கையில் வைத்திருப்பார்கள். ஆனால் 2020 தீர்ப்பு ஒன்று, டிரைவரை வேலைக்கு எடுக்கும்போது லைசென்ஸை வாங்கிப் பார்த்து, ஓட்டத் தெரிகிறதா என்றும் பார்த்து எடுத்த உரிமையாளர், அது போலி என்று பின்னால் தெரிந்தால் தண்டிக்கப்படக் கூடாது என்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை போய் விசாரித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் டிரைவர் சேரும் நாளிலேயே லைசென்ஸ் நகலில் அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கி ஃபைலில் வைப்பது நல்லது. எல்.எம்.வி., அதாவது இலகுரக வாகன, லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாமா என்ற நீண்ட நாள் சண்டை 2024 நவம்பரில் தீர்ந்தது. ஓட்டலாம், தனி அனுமதி வேண்டாம் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. சின்ன வண்டிக்காரர்களுக்கு இன்னமும் பழைய காரணத்தைச் சொல்லிக் கடிதம் வந்தால், இதைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதலாம்.

மறுப்புக்கும் முழுத்தொகைக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. நான் ஸ்டாண்டர்டு செட்டில்மென்ட் என்பார்கள். நிபந்தனை மீறல் இருந்தாலும் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை கொடுக்கும் நடைமுறை கம்பெனிகளிடமே உண்டு. அனுமதித்த எடைக்கு மேல் லோடு ஏற்றிய வண்டிக்கும் அதில் இடம் இருக்கிறது. 2010இல் உச்ச நீதிமன்றம் இந்த நடைமுறையை ஏற்று ஒரு வழக்கில் உத்தரவே போட்டது. ஆகவே மீறல் உண்மையாகவே இருந்து, அது விபத்தோடு கொஞ்சம் சம்பந்தப்பட்டும் இருந்தால், முழுசாக மறுப்பது சரியல்ல, 75 சதவீதமாவது கொடு என்று கேட்க நமக்கு வாய் இருக்கிறது. ஹரியானா வழக்கு மாதிரி சம்பந்தமே இல்லையென்றால் 75க்கு ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. பணமுடையில் பலர் அவசரப்பட்டு ஒத்துக்கொள்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வண்டி ஓடாவிட்டாலும் தவணைத் தேதி வந்துகொண்டுதான் இருக்கும்.

ஹரியானா வழக்கில் தீர்ப்பைத் திருப்பியது எஃப்.ஐ.ஆர். என்பதைக் கவனிக்க வேண்டும். தூரத்து ஊரில், மொழி தெரியாத ஸ்டேஷனில், வண்டியை எப்படியாவது மீட்டால் போதும் என்ற பதற்றத்தில் டிரைவர்கள் சமாதானம் பேசி எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். யார் மேல் தப்பு என்று பதிவாகாத விபத்தில், பின்னால் காரணத்தைப் பற்றி வாதாட நம் கையில் காகிதம் இருக்காது. வண்டியை நகர்த்தும் முன் நாலு பக்கமும் படம், டயர் தடம், எதிர் வண்டியின் எண் பலகை, சாலை எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கம்பெனிக்குப் போன் அடித்தாலும் கூடவே மின்னஞ்சலோ செயலியிலோ பதிவு செய்து கிளெய்ம் எண் வாங்குங்கள். விபத்து நடந்த இடத்திலேயே சேதத்தைப் பார்க்கும் ஸ்பாட் சர்வே முடியாமல் வண்டியை இழுத்துக்கொண்டு போனால், சேதம் இங்கே ஆனதா வழியில் ஆனதா என்று ஒரு புதுச் சண்டை கிளம்பும். தகவல் சொல்லத் தாமதமாகிவிட்டால் நம்பிக்கை இழக்க வேண்டாம். தவிர்க்க முடியாத தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

அப்புறம் விசாரணை ஆள் வருவார். சர்வேயர் வேறு, இவர் வேறு. சர்வேயர் சேதத்தை மதிப்பிட வருகிறார். இவர் கம்பெனி அனுப்பும் புலனாய்வாளர், எத்தனை பேர் வந்தார்கள், யார் ஓட்டினார்கள், லோடு எவ்வளவு என்று தோண்டுவார். டிரைவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது ஆங்கிலத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிப் போன கதைகளைக் கேட்டிருக்கிறேன். பொய் சொல்லச் சொல்லி எந்த டிரைவரையும் பழக்காதீர்கள், அது தவறு, குறுக்கு விசாரணையில் உடைந்தும் போகும். ஆள் ஏறியிருந்தால் ஏறியிருந்தார்கள் என்றே சொல்லட்டும். ஆனால் மோதியது யார், எப்படி மோதினார்கள் என்பதும் அதே தாளில் வர வேண்டும். தமிழில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்து, நகல் வாங்கிய பிறகு கையெழுத்துப் போட்டால் போதும். பாதி உண்மை மட்டும் எழுதிய வாக்குமூலம்தான் நாம் பிறகு தூக்கித் திரியும் பாரம்.

சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பட்டறை மேஸ்திரி எழுதிய எஸ்டிமேட் ஒன்று, சர்வேயர் போட்டது அதில் பாதி என்று இருந்தால், எந்த பாகத்தில் எவ்வளவு வெட்டினார் என்று தெரியாமல் சண்டை போட முடியாது. தேய்மானக் கழிவு நியாயமாகவே இருக்கும், மாற்ற வேண்டிய சேஸிஸைத் தட்டி நிமிர்த்தலாம் என்று எழுதியிருந்தால் அதை எதிர்க்கலாம். சர்வேயர் அறிக்கை முக்கியமானதுதான், ஆனால் அதுவே கடைசி வார்த்தை இல்லை என்று 2009இல் ஒரு லாரிச் சேத வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பில், பழைய பாகங்களின் படம், பட்டறைக்காரரின் எழுத்து மூலமான விளக்கம், இவை இருந்தால் அறிக்கையைத் தாண்டித் தொகை வாங்க முடியும்.

கிளெய்ம் இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னால் நகராதீர்கள். எழுத்தில் கேளுங்கள். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைக் கம்பெனி பின்னால் மன்றத்தில் புதிதாகக் கிளப்ப முடியாது என்பது சட்ட நிலை. கடிதத்தில் கூடுதல் ஆள் என்று மட்டும் இருந்தால், இரண்டு வருடம் கழித்து வந்து எஃப்.சி.யைப் பற்றிப் பேச முடியாது. அந்தக் கடிதம் அவர்களைக் கட்டிப்போடுகிறது. அதனாலேயே சில அலுவலகங்கள் அதைக் கொடுக்கத் தயங்குகின்றன.

கடிதம் வந்ததும் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் என்னும் புகார் தீர்க்கும் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான கிளெய்மைப் பார்ப்பார்கள். தனி உரிமையாளர் பெயரில் ஓடும் வண்டிக்கு இது நல்ல வழி, ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. 2019 சட்டத்துக்குப் பிறகு, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விபத்து ஜார்க்கண்டில் நடந்தாலும், கம்பெனித் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், நாமக்கல்காரர் நாமக்கல்லில் போடலாம். எந்த ஆணையம் என்பதைக் கட்டிய பிரீமியத்தை வைத்துப் பார்ப்பதால், லாரி கிளெய்ம்கள் ஏறக்குறைய எல்லாமே மாவட்ட அளவிலேயே வரும். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடம் காலவரம்பு. லாரி வைத்து வாடகை சம்பாதிக்கிறவர் வியாபாரி, அவர் நுகர்வோரே அல்ல என்று கம்பெனி முதல் ஆட்சேபம் எழுப்பும். பயப்பட வேண்டாம். இன்சூரன்ஸ் என்பது நஷ்டத்தை ஈடுகட்ட எடுப்பது, லாபம் சம்பாதிக்க எடுப்பதல்ல, எனவே வணிக நிறுவனமும் நுகர்வோராக வரலாம் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பணம் வரும் நேரத்திலும் ஒரு காகிதம் நீட்டுவார்கள். டிஸ்சார்ஜ் வவுச்சர், முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்திருக்கும். குறைந்த தொகைக்கு அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மீதியைக் கேட்பது கஷ்டம், ஆனால் வழி முழுசாக அடைபட்டுவிட்டதாகவும் சொல்ல முடியாது. கட்டாயத்தில், மோசடியில் வாங்கிய கையெழுத்து உரிமையைப் பறிக்காது என்று 1999இலேயே தீர்ப்பு இருக்கிறது. ஆனால் கட்டாயம் இருந்தது என்று காட்டுவது நம் பொறுப்பு. பணமுடையால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஆட்சேபத்தோடு பெறுகிறேன், மீதித் தொகைக்கு உரிமை உண்டு என்று அன்றைக்கே கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வாங்குங்கள். தேதியும் நேரமும் அதில் தானாகப் பதிவாகிவிடும்.